வேகஸ் நரம்பைப் பார்ப்பதும் அதன் வேலையைப் பார்ப்பதும்

மூளையிலிருந்து கழுத்து வழியாக இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் நரம்பு வேகஸ். தைராய்டு ஸ்கேன் எடுக்கிறவர்கள் கண்ணில் அது தினமும் படும். கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்களான கரோட்டிட் தமனிக்கும் ஜுகுலர் சிரைக்கும் நடுவே, கொஞ்சம் பின்தள்ளி, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கருவட்டம். உள்ளே தேன்கூடு மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடுகள். சின்ன நிணநீர்க் கணுவோ என்று புதியவர்கள் தடுமாறுவார்கள். தோலில் வைக்கும் புரோபை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் போதும். கணு ஓரிடத்தில் முடிந்துவிடும், நரம்பு கூடவே வந்துகொண்டிருக்கும்.

10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகிற லீனியர் புரோப் வேண்டும், அழுத்தாத கை வேண்டும். கை விஷயத்தில் நான் கறார். கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் இரத்த அழுத்தத்தை உணரும் பகுதி இருக்கிறது. அங்கே அழுத்தினால், அழுத்தம் ஏறிவிட்டது என்று மூளை எடுத்துக்கொண்டு வேகஸ் வழியாக இதயத்தை மெதுவாக்கும். வயதானவர்களில் சிலருக்கு இதிலேயே மயக்கம் வந்துவிடும். படம் சரியாக வரவில்லையா, ஜெல்லை இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்பேன்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். நீண்டநாள் சர்க்கரை நோயாளி, சும்மா படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 100. ‘வேகஸ் மெலிந்திருக்கிறதா பாருங்கள்’ என்று சீட்டு வரும். கேள்வியில் நியாயம் இருக்கிறது, நீண்டநாள் சர்க்கரை நோய் நரம்புகளைக் கெடுக்கும். இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை பக்கம் துடிக்கும். ஓய்வில் அதை 70 அளவில் பிடித்து வைத்திருப்பது வேகஸ். மாற்று இதயம் பொருத்தும்போது இந்த இணைப்பு அறுபடுவதால், அந்த இதயம் ஓய்விலும் வேகமாகவே ஓடும்.

ஆனால் நரம்பின் அளவை வைத்து அதன் வேலையைச் சொல்ல முடியும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆரோக்கியமானவர்களுக்கே பெரும்பாலும் வலது வேகஸ் இடதைவிடத் தடிமனாக இருக்கும். போதாததற்கு, அதில் ஏறக்குறைய 80 சதவீத இழைகள் உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. இதயத்தை அடக்கும் இழைகள் மிச்சத்திலும் ஒரு பங்குதான். மொத்தக் கட்டை அளந்து அந்தச் சிறு பங்கின் நலத்தை எப்படிச் சொல்வது?

இந்த நரம்பைப் பற்றிய பெரிய கண்டுபிடிப்புகளும் இதயத்தைக் கவனித்து வந்தவையே. 1845-இல் வெபர் சகோதரர்கள் வேகஸைத் தூண்டியபோது இதயம் மெதுவாகி நின்றது. 1921-இல் ஆட்டோ லோவி, வேகஸ் தூண்டப்பட்ட தவளை இதயத்தின் திரவத்தை இன்னொரு இதயத்துக்கு மாற்றினார், அதுவும் மெதுவானது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னால் தெளிவானது.

எங்கள் காலத்தில் அதைவிட எளிய வழி உண்டு. இசிஜி ஓடிக்கொண்டிருக்க, நிமிடத்துக்கு 6 மூச்சு என்று ஆழமாக இழுத்து விடச் சொல்ல வேண்டும். உள்ளிழுக்கையில் துடிப்பு ஏறும், வெளிவிடுகையில் இறங்கும், இறக்குவது வேகஸ். இளவயதில் இந்த வித்தியாசம் நிமிடத்துக்கு 15 துடிப்புக்கு மேல் இருக்கும். 10-க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும், வயதோடு தானாகக் குறைவதையும் கழித்துக்கொண்டுதான்.

ஆகவே அப்படிச் சீட்டு வந்தால், நரம்பு அறுபடாமல் தொடர்கிறதா, வீக்கமோ கட்டியோ உண்டா என்று ரிப்போர்ட்டில் எழுதுவேன். அளவு கேட்டால் எந்தப் பக்கம், கழுத்தில் எந்த மட்டத்தில் அளந்தது என்பதையும் சேர்த்துத் தருவேன். இதயக் கட்டுப்பாடு பற்றி ஒரு வரியும் எழுதமாட்டேன். மூச்சுச் சோதனைக்கு அனுப்புங்கள் என்று மருத்துவரை நேரில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.