வடலி ஓலையும் ஒரு கடகம் பனங்கொட்டையும்

திருச்செந்தூரில் ரயிலை விட்டு இறங்கி உடன்குடி பஸ் ஏறும்போது காலை ஏழு மணி இருக்கும். புரட்டாசி மாதம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் தசரா நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மாலை போட்டவர்கள். எனக்கு முன் இருக்கையில் குறவன் வேடம் கட்டிய ஒருவர் தோளில் கொட்டான் என்னும் சின்ன ஓலைப்பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். தர்மம் எடுக்கும் காசை அதில்தான் போட்டுக்கொள்வாராம். வேடத்துக்கு வேண்டிய மற்றதெல்லாம் கடையில் வாங்கியது, கொட்டான் மட்டும் வீட்டில் முடைந்தது என்றார். நானும் அதைக் கற்றுக்கொள்ளத்தான் போகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "குளத்துக்கரை கொட்டகைக்கா? போங்க, ஆச்சி நல்லா சொல்லிக் குடுப்பாவ."

உடன்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூர் அது. ஊர்ப் பெண்கள் சிலரும், ஆண்டுதோறும் பனை விதை நடும் இளைஞர்கள் சிலரும் சேர்ந்து இரண்டு நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். காலையில் ஓலை முடைதல், வெயில் தாழ்ந்ததும் குளத்தங்கரையில் விதை நடுதல். வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பைப் பார்த்தபோது இரண்டையும் ஏன் சேர்த்து வைத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கைவினைக்கு வருகிறவர்கள் வேறு, மரம் நட வருகிறவர்கள் வேறு என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் பகுதிக்குப் போகாதவர்களுக்காகத் தேரியைப் பற்றி ஒரு வார்த்தை. தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில் செக்கச் செவேல் என்று மணல்மேடுகள் கிடக்கும். அவற்றைத்தான் தேரி என்கிறார்கள். மணலின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். ஆடிக் காற்றில் இந்த மணல் இடம் மாறும். மேடு இருந்த இடத்தில் பள்ளம் விழும், வேலியோரம் மணல் மூடும். அந்த மண்ணில் கொல்லாமரமும் உடைமரமும் பனையும் நிற்கின்றன. பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது சிவப்பு மண்ணில் கறுப்புக் கோடு கோடாகப் பனைகள் போய்க்கொண்டே இருந்தன. மரங்களுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் விசிறி விசிறியாகப் புதர்கள். பனைக்கூட்டம் என்றால் நெடுமரங்களைத்தான் பார்க்கத் தோன்றும். எனக்கும் அப்போது அந்தப் புதர்கள் கண்ணில் நிற்கவில்லை.

கொட்டகை என்பது ஓடு வேய்ந்த ஒரு நீளக் கூரை, சுவர் மூன்று பக்கம்தான். பதினைந்து பேர் வந்திருந்தோம். தரையில் பாய். நடுவில் வெயிலில் காய்ந்து வெளுத்த குருத்தோலைகள் கட்டுக் கட்டாக. ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஏழெட்டு வயதில் கற்றுக்கொண்டதாம். காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு குருத்தை மடியில் போட்டு, சிறு கத்தியால் ஈர்க்கை உரிக்க ஆரம்பித்தார். ஓலையின் நடுவில் ஓடும் அந்த ஈர்க்கு ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ்வரை வந்துவிட்டது. நான் செய்தபோது ஆறு இடத்தில் அறுந்தது.

அதன் பிறகு வார்தல். ஓலையை ஒரே அகலத்தில் கிழிப்பதற்கு அங்கே அளவுகோல் எதுவும் கிடையாது. ஆச்சி கட்டைவிரல் நகத்தை ஓலையின் மேல் வைப்பார். நகத்தின் அகலம்தான் சின்னக் கொட்டானுக்கு அளவு. கடகம் என்னும் பெரிய ஓலைப்பெட்டிக்கு இரண்டு நகம். நகத்தால் கீறி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் சர்ரென்று நேர்கோட்டில் பிரிகிறது. ஓலையின் நரம்புகள் நெடுக இணையாக ஓடுவதால்தான் அப்படி. அதனால் எடுத்த எடுப்பில் எங்கே கீறுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வார்ந்த ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். காய்ந்த ஓலை மடக்கினால் முறியும், அதிகம் நனைந்தால் முடைந்த பிறகு சுருங்கி இடைவெளி விடும். கொட்டானின் அடியை முடைவது சுலபம். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பாய் மாதிரி போய்விடலாம். மூலை திருப்பும் இடத்தில்தான் எல்லோரும் திணறினோம். தரையில் படுத்திருக்கிற ஓலையை எழுப்பி நிற்க வைத்து, எதிரெதிர்த் திசையில் வரும் இரண்டு ஓலைகளை ஒன்றின் மேல் ஒன்று கொண்டுவந்து பூட்ட வேண்டும். நான் பலம் கொண்டு இழுத்தேன். ஆச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இழுக்காதிய தம்பி. அது குருத்துல எந்தப் பக்கம் மடங்கிக் கெடந்துச்சோ அந்தப் பக்கமே மடக்குங்க. அதுவே நிக்கும்."

பனங்குருத்து விரிவதற்கு முன் விசிறி மடிப்பாகத்தான் இருக்கும். அந்த மடிப்பின் நினைவு ஓலையில் இருக்கிறது. அதை அறிந்து மடக்கியபோது மூலை தானாக எழுந்து நின்றது. அந்த ஒரு மூலைக்காகவே இவ்வளவு தூரம் வந்தது தகும் என்று தோன்றியது.

விளிம்பு கட்டுவதற்கு நார் வேண்டும். மட்டையிலிருந்து அதை உரித்துக் காட்டப் பெரியவர் ஒருவர் வந்தார். மட்டையின் உள்பக்கத்து நார் அகணி, வெளிப்பக்கத்து நார் புறணி. கட்டிலுக்கும் பெட்டிக்கும் எதை எடுப்பது, எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மட்டையின் இரு ஓரமும் ரம்பப் பல்லாக இருக்கும் கருக்கு என் உள்ளங்கையைக் கிழித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் கேட்டேன். "இவ்வளவு பனை நிக்குது ஆச்சி, ஓலைக்குப் பஞ்சமே இருக்காது இல்லையா?"

ஆச்சி சிரிக்கவில்லை. நிமிர்ந்து நிற்கும் மரங்களைக் காட்டி, "அதுல ஏறப் போறது யாரு?" என்றார்.

ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒருவர் பனையேறினார்கள். இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏறுகிறவர்களும் பதநீர்ப் பருவத்தில் காலையும் மாலையும் பாளை சீவவே நேரம் காணாது. அவர்களை ஓலைக்காக ஏறச் சொல்ல முடியாது. அதோடு ஒரு பனை ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஓலைதான் விடும். காய்க்கிற மரத்தில் குருத்தை வெட்டிக்கொண்டே இருந்தால் மரம் நலிந்துவிடும். முடைகிற பெண்களுக்கு ஓலை வருவது வடலியிலிருந்துதான். தண்டு எழும்பாத, எழும்பியும் ஆள் உயரத்தைத் தாண்டாத இளம்பனைக்குத்தான் வடலி என்று பெயர். தரையில் நின்றபடி தொரட்டியால் இழுத்து ஒரு குருத்தை அறுத்துக்கொள்ளலாம். ஓலையும் இளசாக, நீளமாக இருக்கும். பஸ்ஸிலிருந்து நான் புதர் என்று கடந்துவந்தவை எல்லாம் வடலிகள். அந்தப் பெண்களின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண்மைக்கான தனி நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அதே அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டமும் வந்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் நிலத்தைச் சமப்படுத்த ஜேசிபி வரும்போது முதலில் போவது வடலிதான். நெடுமரம் விழுந்தால் ஊர் கேட்கும். வடலிக் கூட்டத்தைக் காடு சுத்தம் செய்கிறோம் என்று கொளுத்திவிட்டுப் போனால் கேட்க ஆளில்லை. போன கோடையில் ஊருக்கு வெளியே அப்படி ஒரு இடம் எரிந்ததாம். ஆச்சியின் கூட்டாளிகள் மூன்று பேர் அங்கேதான் ஓலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அதில் ஒருவர் நூறு நாள் வேலைக்குப் போகிறார், ஒருவர் மகள் வீட்டோடு போய்விட்டார். கொட்டகையில் முடைய ஆள் குறைந்தது அப்படித்தான். கைத்தொழில் அழிகிறது, இளையவர்களுக்கு ஆர்வமில்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கூப்பிடு தூரத்தில் ஓலை இல்லாத ஊரில் யார் ஆர்வத்தோடு உட்கார்ந்து என்ன முடைவது?

காலை வேலையையும் மாலை வேலையையும் ஏன் சேர்த்து வைத்தார்கள் என்று அப்போது விளங்கியது.

நாலரை மணிக்குக் குளத்தங்கரைக்குக் கிளம்பினோம். கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்து நிழலில் பனங்கொட்டைகள் குவிந்து கிடந்தன. ஆவணியில் விழுந்த பழங்களைப் பொறுக்கிச் சேர்த்தவை. சதைப்பற்று காய்ந்து, மேலே தலைமுடி மாதிரி நார் ஒட்டியிருந்தது. ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை. கையில் எடுத்தால் கனமாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், லேசாக இருப்பதைத் தள்ளிவிட வேண்டும். ஆச்சியின் வீட்டுக் கடகத்திலேயே அள்ளிப் போட்டுத் தலையில் ஏற்றிக்கொண்டோம். இரட்டை ஓலையில் முடைந்த கடகம். கொட்டை நிறைய அள்ளியும் அடி தொய்யவில்லை.

கரையின் வெளிச்சரிவில், பத்தடிக்கு ஒன்றாகக் கடப்பாரையால் ஓரடிக் குழி. ஒரு குழிக்கு ஒரு கொட்டை. மண்ணை மூடி மிதித்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். பனையை நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடுவதைவிட விதையை நிற்க வேண்டிய இடத்திலேயே போடுவது ஏன் நல்லது என்று ஒரு தம்பி குழியருகே குந்தி உட்கார்ந்து விளக்கினான். மற்ற விதைகள் மாதிரி பனங்கொட்டை முளைத்ததும் மேலே வராது. கொட்டையிலிருந்து குழாய் மாதிரி ஒன்று புறப்பட்டு மண்ணுக்குள் கீழே கீழே போகும். வளரப் போகிற குருத்தையே அது தன்னோடு ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். அங்கே கிழங்கு திரண்டு, அதிலிருந்துதான் முதல் ஓலை மேலே கிளம்பும். பனங்கிழங்கு என்று தைப்பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்பது அந்த இளஞ்செடியைத்தான். அந்த ஆழத்தை அறுத்து எடுத்து வேறு இடத்தில் வைத்தால் பிழைப்பது கஷ்டம்.

அதனால் இன்னொரு தொல்லையும் உண்டு. கரையில் விதை போட்ட இடம் தெரிந்தால் மார்கழி, தை மாதங்களில் பிள்ளைகள் கிழங்கு தோண்டிவிடுவார்கள். பன்றியும் தோண்டும். முதல் ஆண்டு நட்டதில் முக்கால்வாசி அப்படிப் போனதாம். மறு ஆண்டு அந்தப் பிள்ளைகளையே கூட்டி வந்து, கிழங்குக்கென்று தனியாக ஒரு மண்மேடு போட்டுக் கொடுத்தார்கள். அந்த மேட்டில் முளைப்பதெல்லாம் அவர்களுக்கு, கரையில் முளைப்பது கரைக்கு. இப்போது கரையில் கை வைக்கும் பிள்ளைகளே இல்லை என்றான் தம்பி. இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஊரைத் தெரிந்தவர்களால்தான் இப்படி ஒரு வழி காண முடியும்.

அன்று இருட்டுவதற்குள் இருநூறு குழிக்கு மேல் போட்டோம். எங்களோடு வந்திருந்த மதுரைக்காரர் ஒருவர், "இதெல்லாம் காய்க்கப் பதினைஞ்சு வருஷம் ஆகுமே" என்றார். வடலி வளர்த்துக் கள் குடிக்கலாமா என்று பழமொழியே இருக்கிறதே என்றும் சேர்த்துக்கொண்டார். ஆச்சி அதற்கும் பதில் வைத்திருந்தார். "கள்ளுக்குத்தானய்யா அவ்வளவு நாள். எங்களுக்கு வடலியே போதும். இந்தா, இந்தப் பிள்ளை வயசுக்கு வாரதுக்குள்ள ஓலை அறுக்கலாம்." அவர் காட்டியது ஆறு வயதுப் பேத்தி. அது கடகத்துக்குள் உட்கார்ந்து மீதிக் கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலையில் என் கொட்டானைப் பார்த்தால், இரவில் ஓலை காய்ந்து ஒரு பக்கம் முழுவதும் நெகிழ்ந்து கிடந்தது. ஆச்சி மூலைவரை பிரித்துவிட்டார். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. அவர் ஓலையைத் துடைத்து, நனைத்து, திரும்ப என் கையிலேயே கொடுத்தார். மத்தியானத்துக்குள் முடித்தேன். காரைக்குடிப் பக்கம் முடையும் செட்டிநாட்டுக் கொட்டான் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் சாயமும் நூல் வேலையும் பார்க்க அவ்வளவு அழகு. இங்கே முடைவதில் சாயம் கிடையாது. பதநீர் குடிக்க, மீன் வாங்க, விதை சுமக்க என்று வீட்டுப் புழக்கத்துக்கான முடைவு. எனக்கு இரண்டுமே வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

மறு ஆண்டு ஆடியில் திருச்செந்தூர் போனபோது அந்த ஊருக்கும் போனேன். காற்று ஆளைத் தள்ளியது. கொட்டகையில் ஆச்சியோடு புதிதாக இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் முதல் குழி போட்ட இடம் மதகுக்கு அருகே என்பதால் அடையாளம் தெரியும். ஆச்சியும் கூடவே நடந்து வந்தார். புல்லை விலக்கிப் பார்த்தோம். ஒற்றை ஓலை, புல்தாள் மாதிரி, ஆனால் விறைப்பாக, நடுவில் மடிப்போடு மண்ணைக் குத்திக்கொண்டு நின்றது. ஆச்சி குனிந்து, தன் கட்டைவிரல் நகத்தை அந்த ஓலையின் மேல் வைத்து அகலம் பார்த்தார்.

"ஒரு நகம் இருக்கு," என்றார். அடுத்த குழியைப் பார்க்க நடந்தோம்.