ஆர்எக்ஸ் 100-இன் பிக்கப்பைத் திரும்பக் கொண்டுவந்த அனுபவம்

எங்கள் வீட்டு யமஹா ஆர்எக்ஸ் 100, 1994 மாடல். அப்பா கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. 98 சிசி, 11 குதிரைத்திறன். இன்றைய வண்டிகளோடு வைத்துப் பார்த்தால் சின்ன எண்தான். ஆனால் வண்டியின் எடையே நூறு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் பாயும் அந்தத் துள்ளலுக்காகத்தான் இன்னமும் பலர் இந்த வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வண்டியில் அந்தத் துள்ளல் இரண்டு வருடமாகக் காணவில்லை. சட்டென்று முறுக்கினால் ஒரு நொடி மூச்சடைத்த மாதிரி நிற்கும், அப்புறம்தான் இழுக்கும். சிக்னலில் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டர் பழசாகிவிட்டது, பெரிதாக ஒன்று போட்டால் பவரும் கூடும் என்று நினைத்தேன். உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, 24 மி.மீ. துளை கொண்ட கார்பரேட்டர் ஒன்றை வாங்கினேன். கூடவே காற்றை வடிகட்டி அனுப்பும் ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரும் மாட்டினேன். ஒரிஜினல் கார்பரேட்டர் 20 மி.மீ. நான்கு மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். பரப்பளவில் அது 44 சதவீதம் அதிகம்.

அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் வேகமாகச் சுற்றும் மேல் ஆர்பிஎம்மில் சத்தம் பிரமாதம், கொஞ்சம் வேகமும் கூடியிருந்தது. ஆனால் இரண்டாம் கியரில் மெதுவாகப் போய் முறுக்கினால் முன்பைவிட மோசமாகத் திணறியது. துளை பெரிதானால் அதே அளவு காற்று மெதுவாகத்தான் போகும். காற்று வேகமாகப் போனால்தான் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் சரியாக உறிஞ்சப்படும். 98 சிசி இன்ஜின் கீழ் ஆர்பிஎம்மில் இழுக்கிற காற்று 24 மி.மீ. வாய்க்குப் போதவில்லை.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு பழைய மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். இரண்டு முறை முறுக்கிக் கேட்டார். “தம்பி, வாசலைப் பெருசு பண்ணியாச்சு. உள்ள கதவு ஒழுங்கா சாத்துதான்னு பாத்தீங்களா?” என்றார்.

அவர் சொன்ன கதவு, ரீட் வால்வு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் மேலே போகும்போது கீழே இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் வெற்றிடம் உண்டாகிறது. அப்போது ரீட் வால்வின் மெல்லிய இதழ்கள் திறந்து பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே விடும். பிஸ்டன் இறங்கும்போது இதழ்கள் மூடிக்கொள்ளும், உள்ளே வந்த கலவை திரும்பப் போகாது. நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று ஓடினால் நிமிடத்துக்கு ஆறாயிரம் முறை இது நடக்கிறது. இதழ் கொஞ்சம் வளைந்தாலும் உள்ளே வந்ததில் ஒரு பகுதி கார்பரேட்டருக்கே திரும்பித் துப்பப்படும்.

கார்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டின் நான்கு போல்ட்டைக் கழற்றி, இதழ்கள் பொருத்தியிருக்கும் ரீட் பிளாக்கை வெளியே எடுத்தோம். அண்ணன் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். இதழ் மூடியிருக்கும்போதே ஒரு பக்கம் வெளிச்சக் கீற்று தெரிந்தது. இன்னொரு இதழின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. அவை ஸ்டீல் இதழ்கள். பெயர்ந்த துண்டு இன்ஜினுக்குள் போயிருந்தால் பிஸ்டனையும் அது ஓடும் துளையான போரையும் கீறியிருக்கும். எங்கள் நல்ல நேரம், போர் சுத்தமாக இருந்தது.

ஃபைபர் இதழ்கள் வாங்கி மாட்டினோம். எடை குறைவு என்பதால் முறுக்கியதும் சட்டென்று திறக்கும். உடைந்தாலும் ஸ்டீல் அளவுக்குச் சேதம் செய்யாது. ஆனால் ஸ்டீலைவிடச் சீக்கிரம் ஓரம் நைந்துபோகும், அவ்வப்போது கழற்றிப் பார்த்தாக வேண்டும். இதழைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்குரூக்களுக்கு, கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட் போடாமல் மாட்டவே கூடாது. ஒன்று கழன்றால் நேராக கிராங்க் கேஸுக்குள்தான் விழும்.

ஆக்சிலரேட்டரை விட்டும் இன்ஜின் வேகம் தொங்கியதற்குக் காரணம் வேறு. பழைய ரப்பர் மேனிஃபோல்டை வளைத்துப் பார்த்தபோது அடியில் முடி போல ஒரு வெடிப்பு. அதன் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போயிருக்கிறது. இதைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம்: ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது மேனிஃபோல்டைச் சுற்றி கார்பரேட்டர் கிளீனரை லேசாக அடித்தால், வெடிப்பு இருக்கும் இடத்தில் இன்ஜின் சத்தம் மாறும். டூ ஸ்ட்ரோக்கில் இது சாதாரண விஷயம் இல்லை. பெட்ரோலோடுதான் ஆயிலும் போய் உள்ளே தடவுகிறது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து கலவை லீன் ஆனால் சூடு ஏறும், கடைசியில் பிஸ்டன் இறுகி சீஸ் ஆகும்.

புது மேனிஃபோல்டின் வாயும் ரீட் பிளாக்கின் வாயும் சரியாகப் பொருந்தவில்லை, ஒரு பக்கம் ஒரு மி.மீ. அளவுக்குப் படி நின்றது. கேஸ்கெட்டை வைத்துக் கோடு போட்டு, மேனிஃபோல்டின் அலுமினியப் பகுதியைச் சின்ன கிரைண்டரால் அண்ணன் சீராக்கினார். கண்ணாடி மாதிரி பாலிஷ் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம், வழவழப்பான சுவரில் பெட்ரோல் துளி படிந்து ஒழுகும், லேசான சொரசொரப்பே நல்லது என்றார். முடிந்ததும் பெட்ரோலில் கழுவிக் காற்றடித்து, ஒரு தூசு இல்லாமல் துடைத்தோம்.

பழைய 20 மி.மீ. கார்பரேட்டரையும் ஏர் பாக்ஸையுமே திரும்ப மாட்டினோம், ஃபோமை மட்டும் புதிதாகப் போட்டோம். அந்த கார்பரேட்டரில் முன்பு யாரோ பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியின் கிளிப்பைக் கடைசிக் காடிக்கு இறக்கி, பெட்ரோல் கூடுதலாகப் போகும்படி ரிச்சாக வைத்திருந்தார்கள். வெடிப்பு வழியாக வந்த காற்றை ஈடுகட்டத்தான் இருக்கும். கிளிப்பை நடுக் காடிக்குக் கொண்டுவந்தோம்.

அப்புறம் ஜெட் வேலை. இதற்குத்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. முறுக்கலின் தொடக்கத்தை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும் பார்த்துக்கொள்ளும், நடுப்பகுதியை ஊசி, முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எந்த இடத்தில் திணறுகிறது என்று கவனித்து அந்தப் பாகத்தை மட்டும் தொட வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. காலியான சாலையில் முழு முறுக்கில் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்தி பிளக்கைக் கழற்றினேன். வெளுத்திருந்தது, லீன். மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கிய பிறகு பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. ஆக்சிலரேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒன்று ஆயில் பம்புக்கும் போகிறது என்பதால், கேபிளைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பம்பின் குறியையும் சரிபார்த்தோம்.

இப்போது முறுக்கியதும் வண்டி கிளம்புகிறது, அந்த ஒரு நொடி மூச்சடைப்பு இல்லை. முன்பு நான்காம் கியரிலிருந்து குறைத்து ஏறிய மேம்பாலத்தில் இப்போது நான்காம் கியரிலேயே ஏறுகிறது. 24 மி.மீ. கொடுத்த உச்ச வேகம் இதில் வரவில்லை. எனக்கு அது வேண்டியதும் இல்லை.

போன மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறினோம். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். கோவையைவிடக் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. பாதி மலையிலேயே கலவை ரிச்சாகிக் கரகரத்தது. மேலே போய் கிளிப்பை ஒரு காடி ஏற்றினேன், சரியானது. இறங்கும்போது ஆக்சிலரேட்டரை மூடியே வைத்திருந்தால் உள்ளே ஆயில் மிகக் குறைவாகத்தான் போகும், அதனால் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுத்துக்கொண்டே வந்தேன். மேட்டுப்பாளையம் வந்து டீக்கடையில் நிறுத்தியதும் முதல் வேலையாகக் கிளிப்பைப் பழைய காடிக்கே மாற்றினேன்.