விளக்கு வைக்கிற நேரத்தில் விக்டோரியா துறைமுகம்

ஹாங்காங் துறைமுகத்தை இரவில் படம் எடுக்கப் போகிறேன் என்றதும், ஏற்கெனவே போய்வந்த நண்பர்கள் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: எட்டு மணி லேசர் காட்சியைத் தவறவிடாதே. நல்ல யோசனைதான். ஆனால் இனி யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்லப்போகும் நேரம் வேறு. டிசம்பரில் போகிறீர்கள் என்றால் ஐந்து மணிக்கெல்லாம் கரைக்குப் போய் இடம் பிடித்துவிடுங்கள். அந்த மாதத்தில் அங்கே ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அதற்கப்புறம் கையில் இருப்பது இருபது, இருபத்தைந்து நிமிடம். ஹாங்காங் ஏறக்குறைய கொல்கத்தாவின் அட்சரேகையில் இருக்கும் ஊர். ஐரோப்பிய நகரங்களைப் போல அந்தி அங்கே இழுத்துக்கொண்டு போகாது. துறைமுகத்தின் நல்ல படமெல்லாம் அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் இருக்கிறது. முழுசாக இருட்டிவிட்டால் அது வேறு ஊர்.

படம் எடுக்க எல்லோரும் கூடும் இடம் கவுலூன் தீபகற்பத்தின் தென்முனையில் இருக்கும் சிம் சா சுய். கரையோரமாக நீளமான நடைபாதை. அதன் மேற்கு முனையில் செங்கல்லும் கருங்கல்லும் வைத்துக் கட்டிய மணிக்கூண்டு, 44 மீட்டர் உயரம், 1915-இல் கட்டியது. கவுலூனிலிருந்து சீனாவின் கான்டன் வரை போன ரயில்பாதையின் முனையம் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தது. நிலையத்தை 1970-களில் ஹங் ஹாமுக்கு மாற்றி, பழைய கட்டடத்தை இடித்தபோது மணிக்கூண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். அங்கிருந்து கிழக்கே நடந்தால் புரூஸ் லீ சிலை நிற்கும் ‘நட்சத்திர அவென்யூ’ வரும். கூட்டம் முழுக்க அங்கேதான் போகிறது. நான் மணிக்கூண்டுப் பக்கமே நின்றுகொண்டேன். அதற்குக் காரணம் சூரியன்.

குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து மறைகிறது. மணிக்கூண்டருகே நின்று எதிர்க்கரையான ஹாங்காங் தீவைப் பார்த்தால், 400 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் இரண்டாம் ஐஎஃப்சி கோபுரத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக வானம் சிவக்கும். கோடையில் இதே இடத்தில் நின்றால் சூரியன் நமக்குப் பின்பக்கமாக, கவுலூன் கட்டடங்களுக்குப் பின்னால் போய் மறையும். எதிரே வானத்தில் அந்தச் சூடான நிறம் இருக்காது. போதாக்குறைக்கு ஈரப்பதமும் மழையும் புயல் எச்சரிக்கையும் வேறு. மார்ச், ஏப்ரலில் மூடுபனி உயரமான கட்டடங்களின் தலையை விழுங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று உலர்ந்து தெளிவாக இருக்கும். படம் எடுக்கவென்றே போகிறவர்கள் அந்த மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

முழு இருட்டில் எடுத்த ஹாங்காங் படங்களை இணையத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். கறுப்பு வானம், கீழே பல நிறத்தில் மின்னும் கட்டடங்கள், அதற்கும் கீழே மறுபடி கறுப்பு. அந்தப் படங்களில் இல்லாமல் போவது மலை. ஹாங்காங் தீவு என்பது அடிப்படையில் கடலிலிருந்து எழும் ஒரு மலைத்தொடர். அதன் விக்டோரியா சிகரம் 552 மீட்டர். மலையடிவாரத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடைத்த ஒடுங்கலான நிலத்திலும், கடலைத் தூர்த்துச் சேர்த்த நிலத்திலும்தான் இத்தனை கட்டடங்களும் நிற்கின்றன. கட்டடங்களுக்குப் பின்னால் மலைமுகடு தெரிய வேண்டும், முகட்டுக்குக் கீழே ஐந்தில் ஒரு பங்கு உயரமாவது கட்டடம் மறைக்காமல் இருக்க வேண்டும் என்று அந்த ஊரின் நகர அமைப்பு விதிமுறையிலேயே ஒரு வழிகாட்டல் இருக்கிறது. அதற்காகக் குறித்து வைத்திருக்கும் பார்வையிடங்களில் ஒன்று இதே சிம் சா சுய் கரை. ஐஎஃப்சி போன்ற சில கோபுரங்கள் முகட்டைத் தாண்டி நிற்பது உண்மைதான். ஆனாலும் பெரும்பகுதி முகடு இன்றும் பிழைத்திருக்கிறது. ஒரு நகரம் தன் மலை தெரிய வேண்டும் என்று எழுதி வைத்திருப்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் பட்டது. அந்த முகட்டின் கோடு, வானம் அடர்நீலமாக இருக்கும் வரைதான் கண்ணுக்குத் தெரியும். வானம் கறுத்தால் மலையும் கறுப்பு, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

ஐந்து ஐம்பதுக்கு எதிர்க்கரையில் ஒவ்வொன்றாக விளக்கு வரத் தொடங்கியது. முதலில் அலுவலகங்களின் வெள்ளை வெளிச்சம். பிறகு சீன வங்கிக் கோபுரத்தின் குறுக்குக் கோடுகள். ஐ. எம். பெய் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்து 1990-இல் முடிந்த கட்டடம் அது. முக்கோணம் முக்கோணமாக ஓடும் அதன் வெள்ளை விளிம்புகளை எந்தத் தூரத்திலிருந்தும் அடையாளம் காணலாம். இடப்பக்கம் வான் சாய் பகுதியில் 374 மீட்டர் உயரமுள்ள சென்ட்ரல் பிளாசா. அதன் உச்சியில் இருக்கும் நியான் பட்டைகள் ஒரு கடிகாரம். கால் மணிக்கு ஒரு தரம் நிறம் மாறி நேரத்தைச் சொல்லும். தெரியாதவர்களுக்கு அது வெறும் அலங்காரம். தெரிந்துகொண்டால் அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே தோன்றாது.

இனி கேமரா விஷயம். இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் எனக்குச் சரியாக வந்த அளவு: ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 8, ஷட்டர் (அது திறந்திருக்கும் நேரம்) நான்கு நொடியில் தொடங்கி, இருட்ட இருட்டப் பத்து நொடி வரை. துறைமுகத் தண்ணீர் ஒருபோதும் கண்ணாடிபோல அசையாமல் கிடக்காது. இரு கரையிலும் செங்குத்தான சுவர்; படகு கிளப்பும் அலை சுவரில் மோதித் திரும்பித் திரும்பி வரும். குறைந்த ஷட்டரில் தண்ணீர் கசங்கிய மாதிரி தெரியும். நான்கைந்து நொடியைத் தாண்டினால் அலையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, ஒவ்வொரு கட்டடத்தின் நிறமும் நீளமான பட்டையாகத் தண்ணீரில் இறங்கும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் நீண்ட ஷட்டர் ஆகாது. இன்று அந்தக் கரையில் பல கட்டடங்களின் முகப்பே எல்இடி திரை. விளம்பரமும் அசையும் படமும் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து நொடி திறந்து வைத்தால் அத்தனை காட்சியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, திரை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு காட்சிக்கும் டிரைபாடை அசைக்காமல் இரண்டு படம் எடுத்தேன்: தண்ணீருக்கும் வானத்துக்கும் நீண்டது ஒன்று, திரைகளுக்காக ஒரு நொடிக்கும் குறைவாக ஒன்று. வீட்டுக்கு வந்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாகவே எடுங்கள். வெள்ளை எல்இடியும் மஞ்சள் சோடியம் விளக்கும் நீல வானமும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும்போது நிறத்தைப் பிறகு திருத்த இடம் வேண்டும்.

லென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. துறைமுகம் என்றதும் எல்லோரும் வைட் லென்ஸைத்தான் மாட்டுகிறார்கள். அதில் நகரம் நடுவே மெல்லிய கோடாகிப் போகும். மேலே காலி வானம், கீழே காலித் தண்ணீர். 50 மில்லிமீட்டர் லென்ஸை நெடுக்காக வைத்து, இடமிருந்து வலமாகப் பகுதி பகுதியாக எடுத்துப் பிறகு ஒட்டினால் கட்டடங்களுக்கு அவற்றின் உயரம் கிடைக்கிறது. தூரத்தை இழுத்துக் காட்டும் 150 மில்லிமீட்டருக்குப் போனால் மலை கட்டடங்களின் முதுகோடு வந்து ஒட்டி நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த படம் அப்படி எடுத்ததுதான்.

இன்னொன்று, ஏசி ஓடும் ஹோட்டல் அறையிலிருந்தோ மாலிலிருந்தோ நேரே கரைக்கு வந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். குளிர்காலத்தில் தொந்தரவு குறைவு. கோடையில் அரைமணி நேரம் முன்னதாகவே வந்து, பையைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும்.

நீலம் போய் வானம் கறுத்த பிறகு டிரைபாடை மடக்கிக்கொண்டிருந்தேன். நான் வீட்டுக்குப் போனில் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்றார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

சொன்னேன். அவருக்குக் காயல்பட்டினம். சிம் சா சுய்க்கும் காயல்பட்டினத்துக்கும் இருக்கும் தொடர்பு பழையது. ரத்தினக்கல் வியாபாரத்துக்காக வந்து தலைமுறைகளாக இங்கே தங்கியவர்கள் உண்டு. நாதன் சாலையில் இருக்கும் கவுலூன் பள்ளிவாசலில் மக்ரிப் தொழுதுவிட்டுக் கரையோரம் ஒரு நடை நடப்பது அவருடைய வழக்கமாம். கேமராவின் திரையில் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கட்டடமெல்லாம் நல்லா வந்திருக்கு தம்பி. ஆனா நான் வந்த காலத்துல இந்தத் தண்ணி இன்னும் அகலம். அந்தப் பக்கத்து ஜெட்டி உள்ள தள்ளி இருந்துச்சு. ஃபெர்ரில ஏறினா டீ குடிச்சு முடிக்கிற நேரம் ஆகும்.”

“இப்ப ஏறினா எவ்வளவு நேரம் காக்கா?” என்றேன். அவர்கள் ஊர் வழக்கில் காக்கா என்றால் அண்ணன்.

“உக்காந்து மூச்சு விடுறதுக்குள்ள அந்தக் கரை.”

அவர் சொன்னது சரிதான். எதிர்க்கரையின் சென்ட்ரல் பகுதியில் 1957-இல் கட்டிய பழைய ஃபெர்ரி ஜெட்டியை 2006 நவம்பரில் மூடி, பிறகு இடித்தார்கள். கடலைத் தூர்த்து, இன்னும் வெளியே தள்ளிப் புது ஜெட்டி வந்தது. அப்போது அதை எதிர்த்து ஊர் மக்கள் போராடினார்கள். அதற்கு முன்பே, 1997-இல், துறைமுகத்தைக் காப்பதற்கென்று தனிச் சட்டம் வந்திருந்தது. தவிர்க்கவே முடியாத பொதுத்தேவை இருந்தால் ஒழியத் தூர்க்கக் கூடாது என்று 2004-இல் அங்குள்ள உச்ச முறையீட்டு மன்றமும் அந்தச் சட்டத்துக்கு விளக்கம் சொன்னது. நான் படச்சட்டத்துக்குள் அடக்கிய தண்ணீர், வழக்குப் போட்டு மீட்டுவைத்த தண்ணீர் என்று தெரிந்த பிறகு, படத்தில் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கத் தோன்றியது.

எட்டு மணிக் காட்சியையும் பார்த்தேன். 2004-இல் தொடங்கியது, பத்து நிமிடம் ஓடும், இரு கரையிலும் உள்ள கட்டடங்கள் இசைக்கேற்ப ஒளிவிடும். குழந்தைகள் ஆர்ப்பரிக்கிறார்கள், பார்க்க நன்றாகவே இருக்கிறது. படம் எடுக்க மட்டும் அது எனக்குப் பிடிக்கவில்லை. எந்த மாதத்தில் போனாலும் எட்டு மணிக்கு வானம் கறுத்திருக்கும். கேமராவை வைத்துவிட்டுக் கண்ணால் பார்ப்பதே மேல்.

அதன்பிறகு ஸ்டார் ஃபெர்ரி. டொராப்ஜி நவ்ரோஜி என்ற பார்சி வணிகர் 1888-இல் தொடங்கிய நிறுவனம், 1898-இல் ஸ்டார் ஃபெர்ரி என்று பெயர் மாறியது. ஒவ்வொரு படகின் பெயரிலும் ஒரு நட்சத்திரம் உண்டு. பச்சையும் வெள்ளையும் பூசிய இரண்டடுக்குப் படகு. இரண்டு முனையும் ஒரே மாதிரி என்பதால் படகு திரும்பவே திரும்பாது; நாம்தான் இருக்கையின் சாய்மானத்தை இந்தப் பக்கம் தள்ளி, போகிற திசை பார்த்து உட்கார வேண்டும். நான் கீழ்த்தளத்தில் ஏறினேன். தண்ணீருக்கு அருகே, டீசல் வாடையோடு. படகு ஆடும்போது டிரைபாடுக்கு வேலையே இல்லை: ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் அறுபதில் ஒரு பங்கு, தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு எடுத்தேன். சென்ட்ரல் ஜெட்டியை நெருங்கியதும் நீலநிற மாலுமிச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் தடித்த வடத்தை நீளமான கொக்கிக் கழியால் வாங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். வடம் முறுக்கேறி, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் முழுக்க ஒளிக் கோபுரங்கள், முன்னால் அந்த இரண்டு கைகள். கொஞ்சம் நடுங்கிய படம்தான். ஆனால் வீட்டில் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருப்பது அதைத்தான்.

மேலிருந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு விக்டோரியா சிகரம். 1888 முதல் ஓடும் பீக் டிராமில் ஏறப் பெரிய வரிசை நிற்கும். சென்ட்ரலிலிருந்து 15-ஆம் எண் பஸ் வளைந்து வளைந்து போனாலும் சுகமான பயணம். கட்டணம் வாங்கும் மேல்மாடத்துக்கு நான் போகவில்லை. பீக் டவருக்குப் பக்கத்திலேயே லுகார்டு சாலை என்ற ஒடுக்கமான பாதை தொடங்குகிறது. இருபக்கமும் விழுது தொங்கும் மரங்கள். கால் மணி நேரம் நடந்தால் மரங்கள் விலகி, மொத்தத் துறைமுகமும் காலடியில் விரியும். கட்டணம் கிடையாது. நேர் எதிரே கவுலூனில் 484 மீட்டர் உயரமுள்ள ஐசிசி கோபுரம், 2010-இல் முடிந்தது. கீழே நாம் முந்தைய மாலை நின்ற மணிக்கூண்டு ஒரு தீக்குச்சி அளவு. இங்கும் அதே கணக்குதான்: மலைக்கு அந்தி கவிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். கம்பியோரம் இடம் கொஞ்சம்தான், எல்லோருக்கும் அதே யோசனை இருக்கும். டிரைபாட் வைத்தால் நடக்கிறவர்களுக்கு வழி விட்டு வையுங்கள், அது சாலைதான்.

இரவு நெடுநேரம் நின்று எடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிப்புற அலங்கார விளக்குகளை இரவு பதினொன்றுக்கோ பன்னிரண்டுக்கோ அணைத்துவிடும் ஒப்பந்தம் ஒன்று 2016 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது, விருப்பப்பட்டவர்கள் கையெழுத்திடுவது. பதினொரு மணிக்கு மேல் எதிர்க்கரையில் பல கோபுரங்கள் இருண்டுவிடுகின்றன. அதனால் சாப்பாட்டைப் பின்னால் தள்ளிவைத்து, முதலில் படத்தை முடித்துவிடுங்கள். சிம் சா சுய்யில் பசிக்குப் பஞ்சமே இல்லை. நாதன் சாலையில் 1961-இல் கட்டிய சுங்கிங் மேன்ஷனுக்குள் நுழைந்தால் பரோட்டாவும் குருமாவும் நேரம் கழித்தும் சூடாகக் கிடைக்கும்.