நாரி நோவும் கஞ்சா எண்ணெயும்

கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்த மூன்றாம் வருடம் என் நாரி, அதாவது கீழ் முதுகு, பிடித்துக்கொண்டது. வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கித் தூக்கி, ஒருவழியாக ஃபோர்க்லிஃப்ட் என்ற பாரம் தூக்கும் வண்டி ஓட்டும் வேலைக்கு மாறியிருந்த நேரம். காலையில் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தால் நிமிர முடியாது. மனைவிதான் நிலத்தில் இருந்து கட்டிவிடுவாள்.

நோக் குளிசைகள் வயிற்றை எரித்தன. பிசியோவுக்கும் போய்ப் பார்த்தாயிற்று. ஒரு நாள் டொக்டர், "கஞ்சா எண்ணெய் எடுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. எங்கள் ஊரில் கஞ்சா என்றால் கடலால் வந்து கரையில் பிடிபடும் பொதி, பொலிஸ், பத்திரிகையில் படம். கனடாவிலோ 2001 முதல் அது மருந்து. 2018 ஒக்டோபர் 17 முதல் பெரியவர்கள் எவரும் கடையில் வாங்கலாம்.

டொக்டர் ஆசை காட்டவில்லை. பிஎம்ஜே மருத்துவ இதழில் 2021இல் வந்த வழிகாட்டலும் அளந்துதான் பேசுகிறது: மற்ற வைத்தியம் போதாவிட்டால், புகைக்காத வகையை முயன்று பார்க்கலாம், சிலருக்கு நோவும் நித்திரையும் கொஞ்சம் தேறும்.

ஆனால் டொக்டர் மருந்தாக எழுதித் தரும் கஞ்சாவை அந்தக் கடைகளில் எடுக்க முடியாது. நாளுக்கு எத்தனை கிராம் என்று டொக்டர் எழுதித் தர, அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் பதிந்தால் தபாலில் வரும். சின்னப் போத்தல், ஊசியில்லாத சிரிஞ்ச், மூடியருகே இலை போட்ட சிவப்பு அடையாளம். இரவில் கால் மில்லிலீற்றர் நாக்கின் கீழே. பச்சைப் புல்லை மென்றது போல ஒரு கசப்பு. மூன்றாம் கிழமை, இரவில் ஒருமுறைதான் எழும்பினேன். நோ போகவில்லை, ஆனால் நித்திரை வந்தது. அந்த நித்திரைக்காகவே அழலாம் போலிருந்தது.

சிக்கல் வேலைத்தலத்தில்தான். கஞ்சாவில் உள்ள முக்கியப் பொருட்கள் இரண்டு: சிபிடி, டிஎச்சி. என் எண்ணெயில் சிபிடி கூட, டிஎச்சி குறைவு. இருந்தாலும் மயக்கம் தருவது டிஎச்சிதான். விழுங்கினால் அதன் வேகம் பன்னிரண்டு மணித்தியாலம் வரை இருக்கும், சோர்வு அடுத்த நாளும் தொடரலாம். காலை ஏழு மணிக்கு ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறுகிறவன் இதை மறைக்கலாமா? வண்டியின் இரும்பு முள்ளுக்கு முன்னால் நடந்து போகிறவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டேன்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது, ஏதோ களவு பிடிபட்டவன் போல. ஆனால் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் மனித உரிமைச் சட்டப்படி, உடற்குறை உள்ள தொழிலாளிக்கு ஏற்றபடி வேலையை மாற்றிக் கொடுக்க முதலாளி முயல வேண்டும். நோயின் பெயர் சொல்லத் தேவையில்லை, எது செய்யலாம், எது கூடாது என்ற டொக்டரின் கடிதம் போதும். அதற்காக வேலையில் மயக்கத்தோடு நிற்க உரிமை இல்லை, அது சரிதான். இப்போது ஸ்கான் செய்யும் மேசையில் நிற்கிறேன். மணித்தியாலத்துக்கு இரண்டு டொலர் குறைவு. என் வேலைத்தலக் காப்புறுதியும் எண்ணெய்க்குக் காசு தராது. இதுதான் உண்மையில் நோகிறது.

அடுத்த மாதம் தங்கச்சியின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போகிறேன். டொக்டரின் கடிதம் இருந்தாலும் போத்தலைக் கனடாவுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். மூன்று கிழமை அது இல்லாமல் சமாளிக்க வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் மறைத்ததை அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நோ குறையுதோ தம்பி?" என்று மட்டும் கேட்டார்.