களவாணிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய கிழவர்

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதல் ஆண்டு இன்டர்னல் தேர்வில் எட்கர் ஆலன் போவின் ‘தி டெல்-டேல் ஹார்ட்’ கதையிலிருந்து பத்து மதிப்பெண் கேள்வி. பொய்யான பாதுகாப்பு உணர்வும் பொய்யான பய உணர்வும் அதில் எப்படி வருகின்றன என்று கேட்டிருந்தார்கள். 1843இல் வந்த சின்னக் கதைதான். நான் மூன்று பக்கத்துக்குக் கதையையே எழுதி வைத்தேன். நான்கு மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில், ‘கதை சரி, பதில் எங்கே?’

அன்று இரவு செல்லூரில் அப்பத்தாவிடம் புலம்பிக்கொண்டே கதையைச் சொன்னேன். கிழவரின் கண்ணைப் பிடிக்காமல் கொல்லத் திட்டமிடுகிறவன் அதே வீட்டில் இருப்பவன் என்றதும் நிறுத்தினார். “ஏத்தா, களவாணிக்குப் பயந்துதான சன்னலச் சாத்துனான் அந்தக் கிழவன்? களவாணி வீட்டுக்குள்ளயே சோறு தின்னுக்கிட்டு இருந்தா எந்தச் சன்னலச் சாத்த?”

மூன்று பக்கத்தில் நான் எழுதாதது இதுதான். மறுநாள் நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூலகத்துக்குப் போய்ப் பென்சிலோடு உட்கார்ந்தேன். தாளின் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் யார் எதை நம்புகிறார், மறுபக்கம் உண்மை என்ன என்று குறித்தேன்.

கிழவர் திருடனுக்குப் பயந்து ஜன்னல் கதவுகளை இறுகச் சாத்துகிறார். அந்தக் கும்மிருட்டுதான் கொலைகாரன் கதவைத் திறப்பது தெரியாமல் மறைக்கிறது. கொல்வதற்கு முந்தைய வாரம் முழுக்க அவன் அவரிடம் ரொம்ப அன்பாக நடந்துகொள்கிறான். ஆனால் இரவுதோறும் மூடிய விளக்கோடு அவர் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறான். எட்டாவது இரவு அந்த விளக்கின் தகரக் கொக்கியில் விரல் வழுக்கிச் சத்தம் வர, கிழவர் எழுந்து உட்காருகிறார். புகைபோக்கியில் காற்று, எலி, சில்வண்டு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறார். (அப்படி நினைத்திருப்பார் என்று சொல்வதும் கொலைகாரன்தான்; முழுக் கதையையும் சொல்வதே அவன்தான். இதை ஒரு வரி எழுதுங்கள்; கதைசொல்லியை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியும் அதிலேயே அடங்கிவிடும்.)

இதுவரை எல்லோரும் எழுதிவிடுவார்கள். மதிப்பெண் இருப்பது பின்பாதியில். கிழவரைக் கொன்று உடலைத் தரைப்பலகைகளுக்கு அடியில் வைத்தாயிற்று, ஒரு சொட்டு ரத்தம் வெளியே இல்லை. காலை நான்கு மணிக்கு மூன்று போலீஸ்காரர்கள் வருகிறார்கள். அவர்களை உட்காரவைத்து, பிணத்துக்கு நேர் மேலே தன் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறான். திமிர்தான். ஆனால் கவனியுங்கள், அந்த நேரத்தில் அவனுக்கு உண்மையிலேயே ஆபத்து இல்லை. அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது, சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் அவன் காதில் இதயத் துடிப்பு கேட்கிறது. அவர்களுக்கும் கேட்கிறது, தெரிந்தே கேலி செய்கிறார்கள் என்று அவனாக முடிவுகட்டித் தானே கத்தி ஒப்புக்கொள்கிறான். கிழவரைக் கொன்றது அவருடைய பொய்யான பாதுகாப்பு உணர்வு என்றால், இவனைப் பிடித்துக்கொடுத்தது பொய்யான பயம். உங்கள் பதிலின் முதல் வரியே இதுவாக இருக்கட்டும். நான் இதைத்தான் செமஸ்டரில் எழுதினேன்.

மேற்கோளுக்கு ஒரே ஒரு இடம் போதும். பஞ்சில் சுற்றிய கடிகாரம் போன்ற ஒலி என்ற உவமை கதையில் இரண்டு முறை வருகிறது: முதலில் கிழவர் பயந்திருக்கும்போது, பிறகு இவன் பயப்படும்போது. பயம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இடம் மாறுவதை அந்த ஒரு தொடரை வைத்தே காட்டிவிடலாம்.

அந்தத் துடிப்பு பேயா, மனசாட்சியா, அவனுடைய சொந்த இதயமா என்று செமஸ்டரில் முக்கால் பக்கம் எழுதித் தொலைத்தேன். கதை அதைச் சொல்லவே இல்லை. ஒரு வரியோடு நிறுத்தியிருந்தால் கடைசிக் கேள்வியை அரைகுறையாக விட்டு எழுந்திருக்க வேண்டியிருக்காது.