கழுகு இறகும் கருமருந்தும்

ராக்கெட்டை மேலே அனுப்புவதைவிட அதை உடையாமல் கீழே இறக்குவதுதான் பெரும்பாடு போல. அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்களின் 'ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் லாஞ்ச்' போட்டியைப் பற்றிப் படிக்கப் போய்த் தெரிந்துகொண்டேன்.

நாசாவின் ஆதரவோடு விஸ்கான்சினில் நடக்கிறது. மாணவர்கள் தாங்களே வடிவமைத்த ராக்கெட்டோடு வருகிறார்கள். அது உச்சியைத் தொட்டதும் உள்ளே இருக்கும் உயரமானி ஒரு சிட்டிகை கருமருந்தை வெடிக்க வைக்கும். உடல் இரண்டாகப் பிரிந்து சின்ன பாராசூட் வெளியே வரும், தரையை நெருங்கும்போது பெரியது விரியும். மருந்து கொஞ்சம் குறைந்துவிட்டால் பிரியாது. அப்புறம் என்ன, மாதக்கணக்கான உழைப்பு தலைகீழாக மண்ணில் குத்தி நிற்கும்.

ஏவும் இடத்துக்கும் ஒரு கதை உண்டு. 1950களில் விமானப்படைத் தளத்துக்காக எடுத்து, 1959இல் கைவிட்ட நிலம். இப்போது ரிச்சர்ட் பாங் பூங்கா.

எனக்கு மிகவும் பிடித்தது லம்மி என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் இருக்கும் நார்த்வெஸ்ட் இந்தியன் காலேஜ். சின்னக் கல்லூரிதான். ராக்கெட் கட்டத் தொடங்கியவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஸ்பேஸ் சென்டர்'. குசும்பைப் பாருங்கள்!

2002இல் சிக்காசா என்ற பூர்வகுடி இனத்தவரான விண்வெளி வீரர் ஜான் ஹெரிங்டன் எண்டவர் விண்கலத்தில் போனபோது கழுகு இறகு ஒன்றைக் கொண்டுபோனார். நேற்று இதை வீட்டுச் சின்னவளிடம் சொன்னேன்.

"அங்க இறகு பறந்துச்சா?"

மிதந்தது என்றேன். உடனே படத்தைக் காட்டச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.