காலில் தையல், தெற்கே தாழமுக்கம்

ஜூலை 1

உப்புத் தண்ணீர் படவே கூடாதாம். மணலில் வெறுங்காலோடு நிற்கவும் கூடாதாம். தையல் வெட்டும்வரை வீட்டுக்குள் இருக்கட்டாம். சொன்னவருடைய வீடு கடற்கரையில் இல்லைப் போல.

நாங்கள் அலைச்சறுக்கும் மெயின் பொயின்டில் இன்று அலை உயரம் 0.8 மீற்றர், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையில் 11 வினாடி. இதற்காக யாரும் அழத் தேவையில்லை.

ஜூலை 2

வானிலைப் படத்தைத் திறக்காமல் விட்டிருந்தால் மத்தியானச் சோறாவது இறங்கியிருக்கும்.

தெற்கு அகலாங்கு 45 பாகைக்குக் கிட்ட ஒரு தாழமுக்கம் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று வலஞ்சுழியாக ஓடும், எங்கள் வங்கக்கடல் புயலுக்கு நேர்மாறாக. அதனால் அதன் மேற்கு ஓரத்துக் காற்று தெற்கிலிருந்து வடக்காக, நேரே எங்களைப் பார்த்து வீசுகிறது. இடையில் சொல்லும்படியான நிலம் ஒன்றும் கிடையாது.

அங்கிருந்து எங்கள் உல்லைக்கு, அதாவது அறுகம் குடாவுக்கு, ஏறக்குறைய 5,700 கிலோமீற்றர். 17 வினாடி அலைக்கூட்டம் மணிக்கு 48 கிலோமீற்றர் அளவில் ஓடும். அப்படியென்றால் ஐந்து நாள். 20 வினாடி அலைகள் அதைவிட வேகம், முன்னால் வந்துவிடும். 12 வினாடிக்காரர்கள் ஏழு நாள் எடுத்துக்கொண்டு ஆறுதலாக வருவார்கள். ஒரே காற்றில் பிறந்ததுகள், வரும் வழியிலேயே தாங்களாக வரிசை பிரிந்துகொள்கின்றன. 7ஆம் திகதி இரவு முதல் ஆட்கள். 8ஆம் திகதி விடிய முழுக்கூட்டம்.

தையல் வெட்டுவது 12ஆம் திகதி.

ஜூலை 3

கதிர்காமப் பாதயாத்திரைக்குப் போன அம்மா உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்கிவிட்டார். கூமுனைக்கு அங்கால் போன் எடுபடாது. கடைசியாகச் சொன்னது: "முருகன் இருக்கிறான், நீ காலை நனைக்காதே புள்ள."

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை ஒன்பது மணிக்கே வாசல் சீமெந்து சுடுகிறது. மேற்கே மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கி வரும்போது ஈரமே இல்லாமல் வருகிற காற்று. எங்களுக்கு இது தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. அலையின் முகத்தைத் தடவிச் சமப்படுத்தி, உடைய விடாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். இதைத்தான் சீசன் முழுக்க வேண்டிக்கொண்டு இருப்போம். இதே காற்றுத்தான் இப்போது அம்மாவின் தொண்டையையும் காய வைத்துக்கொண்டிருக்கும். போத்தல் தண்ணீர் போதுமா என்று கேட்டதற்கு, குமுக்கன் ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடிப்போம் என்றார். ஆறு எப்படி இருக்கிறதோ.

ஜூலை 4

8ஆம் திகதி அலைக்கு ஐரோப்பிய வானிலை மாதிரி 1.6 மீற்றர் என்கிறது, அமெரிக்க மாதிரி 2.1 என்கிறது. அப்பா 2.1ஐ நம்புகிறார், ஏனென்றால் தோணி அவருடையது.

ஜூலை 5

தம்பி மெயின் பொயின்டில்தான் இறங்குவானாம். "1.6 தானே அக்கா, போன மாதம் 2 மீற்றரில் நின்றேனே" என்கிறான்.

நின்றான்தான். அது 7 வினாடி. கிட்டத்தில் எங்கேயோ அடித்த காற்றில் கிளம்பிய குறுக்கலை. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் 76 மீற்றர் தூரம், தண்ணீரின் மேல்தோலில் ஓடுகிற சரக்கு. 17 வினாடி என்றால் அந்தத் தூரம் 450 மீற்றர். அது 225 மீற்றர் ஆழத்திலேயே அடித்தளத்தை உணரத் தொடங்கிவிடும். எங்கள் கரையில் அதிக தூரம் போகாமலே ஆழம் விழுந்துவிடுவதால் வருகிற பலம் வழியில் தேயாமல் நேரே கடலடிப் பாறைப் பாரில் வந்து ஏறும். உயரத்தை உயரத்தால் பெருக்கி, அதை வினாடியால் பெருக்கிப் பார் என்று தாளில் எழுதிக் காட்டினேன். 2 மீற்றர் 7 வினாடிக்கு 28 வந்தது. 1.6 மீற்றர் 17 வினாடிக்கு 43க்கு மேல் வந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். புரிந்ததா, என்னைச் சமாளிக்கவா, தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். அந்த 1.6 என்பது பெரிய அலையின் உயரம் இல்லை, எல்லா அலைகளின் சராசரியும் இல்லை. வருகிறவற்றில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அதற்குச் சராசரி போடுகிறார்கள். மணிக்கணக்கில் வெளியே இருந்தால் அதைப்போல் இரட்டிப்புக்குக் கிட்ட ஒன்று வரத்தான் செய்யும். அதுவும் ஆழ்கடல் கணக்கு. நீண்ட வினாடி அலை ஆழம் குறைந்த இடத்தில் ஏறும்போது இன்னும் எழும்பும்.

எனக்கு அலையைவிட நடுவில் வருகிற அமைதிதான் பயம். நீண்ட வினாடி அலைகள் கூட்டமாக வரும், பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கடல் சும்மா கிடக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் போர்டைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பாறைக்கு முன்னால் பாதி வழியில் நிற்கும்போது அடுத்த கூட்டம், செட் என்போம், தலைக்கு மேல் எழும்பும். தம்பி உள்ளூர்ப் பொடியன், அவனுக்குத் தெரியும். தெரியும்தானே.

அம்மாவிடமிருந்து ஒன்றும் இல்லை. வரப்போவதும் இல்லை என்று தெரிந்துகொண்டே போனைப் பார்க்கிறேன்.

ஜூலை 6

வானொலியில் வானிலை. மாத்தறையிலிருந்து அம்பாந்தோட்டை ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு, காற்று தென்மேற்கு, கடல் இடையிடையே கொந்தளிப்பு. இந்த "ஊடாக" என்ற சொல்லை அப்பா வானொலிக்காரரின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். இன்று சொல்லவில்லை.

அலை வரும் திசை கொஞ்சம் மாறியிருக்கிறது. நேற்று 178 பாகை, இன்று 190. 180 என்றால் நேர் தெற்கு. தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வந்தால் பொயின்டுக்கு நேரே. மேற்குப் பக்கம் சரியச் சரிய, தீவின் மூலையைச் சுற்றி வளைந்துதான் வரவேண்டும். வளைகிற அலை பலத்தைப் பரப்பிவிடும். ஆனால் வினாடி கூடக் கூட நன்றாக வளையும், அடித்தளத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதால். ஆகவே 190 என்றாலும் பரவாயில்லை. 200 என்றால்தான் கவலை. கவலையா, சந்தோசமா? நான் இல்லாத நாளில் அலை சிறுத்துப் போனால் எனக்கு நல்லதுதானே. இப்படியும் ஒரு புத்தி.

ஜூலை 7

பகல் முழுக்கக் கடல் செத்த மாதிரி. 0.6 மீற்றர். வாடகைப் போர்ட் கடைக்காரர்கள் எல்லாரும் விஸ்கி பொயின்டுக்கு ஆட்டோ பிடித்து ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் அப்பா வந்து வாசலில் நின்றார். "எத்தனை வினாடி புள்ள?"

20 என்றேன். உயரம் வெறும் 0.4தான், ஆனால் 20.

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு தோணிகளை மேலே இழுக்கப் போய்விட்டார். கடல் தட்டையாகக் கிடக்கும்போது தோணியை இழுக்கிறார்களே என்று வெள்ளைக்காரர் ஒருவர் போட்டோ எடுத்தாராம்.

இரவு பத்தரை. கதிரையைப் பின்வாசலில் போட்டுக் காதால் எண்ணினேன். ஒரு விழுகை, இருபது எண்ணும்வரை ஒன்றும் இல்லை, அடுத்த விழுகை. பிறகு நீண்ட நேரம் சத்தமே இல்லை. திரும்பவும் ஐந்தாறு. உயரம் இன்னும் இல்லை, ஆனால் வந்துவிட்டார்கள்.

தம்பி போர்டுக்கு மெழுகு பூசுகிறான். என்னுடைய நீளமான போர்டுக்கு. கேட்டுத்தான் எடுத்தான், நானும் ஓம் என்றுதான் சொன்னேன். இருந்தாலும்.

ஜூலை 8

விடிய ஐந்து மணிக்கு எழும்பி, காலுக்குப் பொலித்தீன் பை கட்டி, ஆட்டோவில் பொயின்டுக்குப் போனேன். மணலில் இறங்கவில்லை. மேலே தென்னையடியில் இருந்தேன். இதை டொக்டரிடம் சொல்லப்போவதில்லை.

1.7 மீற்றர், 17 வினாடி, 186 பாகை. காற்று மேற்கு, மெல்லியது. இங்கே வற்றும் பெருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு மீற்றரும் வராது, அதனால் நேரம் பார்க்கவும் தேவையில்லை. தாளில் வைத்து வரைந்தால்கூட இப்படி அமையாது.

முதல் செட் வந்தபோது ஒருவரும் கதைக்கவில்லை. முனையில் தொடங்கி உள்ளே குடா வரைக்கும் ஒரே சுவராக வலப்பக்கம் உரிந்துகொண்டு போனது. மூன்றாவது அலையில் ஒருத்தி ஏறினாள், யாரென்று அடையாளம் தெரியவில்லை. கண்ணுக்குச் சின்னதாகும்வரை நின்றபடியே போனாள். எனக்குப் பல் கடிபட்டது.

தம்பி கரையில் நின்று செட்டுகளைப் பார்த்தான். அமைதி வந்தது. இறங்கவில்லை. இன்னொரு செட். அமைதி. இறங்கவில்லை. பிறகு போர்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பியும் பார்க்காமல், சின்ன அலை வருகிற பேபி பொயின்ட் பக்கம் நடந்துவிட்டான்.

நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. அடுத்த நிமிடமே கோபம். இப்படி ஒரு நாள், என்னுடைய போர்ட், இவன் பேபி பொயின்டுக்குப் போகிறான்!

பதினொரு மணிக்குக் காற்று திரும்பி, கடலிலிருந்து கரைக்கு அடிக்கத் தொடங்கியது. அலையின் முகம் எல்லாம் சுருங்கிப்போயிற்று. பாதிப் பேர் கரையேறினார்கள். அதன் பிறகு எனக்குக் கொஞ்சம் பசித்தது.

ஜூலை 9

15 வினாடி. அம்மாவின் குழு காட்டுவழியில் வியாழையைத் தாண்டியிருக்கவேண்டும். இருக்கவேண்டும்.

ஜூலை 10

13 வினாடி. உயரம் இன்னும் 1.4, ஆனால் செட்டுக்கு நடுவில் அமைதி சுருங்கிவிட்டது, கடல் ஓயாமல் வேலை செய்கிறது. ஆள் கூட்டம் நேற்றைவிட இரண்டு மடங்கு. பெரிய நாளின் படங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்தவர்கள், வால் பகுதியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

தம்பியும் நானும் இன்னும் சரியாகக் கதைக்கவில்லை. சாப்பிடும்போது அவனாகவே சொன்னான்: "பாறைக்குப் பக்கத்தில் நுரை சுழன்ற விதம் பிடிக்கவில்லை." சரி என்றேன். அவன் வயதில் எனக்கு நுரையே கண்ணில் படாது.

இரவு எட்டு மணிக்கு வேறு ஆளுடைய நம்பரிலிருந்து அம்மா. கதிர்காமம் போய்ச் சேர்ந்துவிட்டார். மாணிக்க கங்கையில் முழுகியாயிற்று. குமுக்கன் ஆறு முழங்காலுக்கும் குறைவாம். காற்று நெருப்பாம், இரவில்கூட விடவில்லையாம், ஆனால் யானை ஒன்றும் மறிக்கவில்லையாம். நடந்த கதை இரண்டு நிமிடம், என் கால் கதை பத்து நிமிடம். தென்னையடிக் கதையை நான் எடுக்கவில்லை. அப்பா போனை வாங்கி, அங்கே காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். அம்மா ஏசியது எனக்கும் கேட்டது.

ஜூலை 11

தோணிகள் இறங்கிவிட்டன. வீட்டில் மீன்.

ஜூலை 12

காயத்தின் ஒரு ஓரம் இன்னும் ஈரமாம். பாதித் தையலை வெட்டினார்கள், பாதியை விட்டார்கள். இன்னும் ஒரு கிழமை. உள்ளங்கால் தோல் ஆறுதலாகத்தான் பொருந்துமாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் போனை எடுத்தேன்.

60 பாகை தெற்கில் ஒன்று உருண்டுகொண்டிருக்கிறது. மிகவும் தூரம், காற்றெல்லாம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது, அது அவுஸ்திரேலியாக்காரர்களுக்கு. ஆனால் அதன் வாலில் இன்னொன்று பிரியும்போல் இருக்கிறது. ஐரோப்பிய மாதிரி காட்டுகிறது, அமெரிக்க மாதிரி காட்டவில்லை. காலையில் காட்டியது, மத்தியானம் காணவில்லை, இப்போது திரும்பவும் ஒரு ஓரத்தில்.

இப்படி ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மாறுகிற படத்தைப் பார்த்து ஒருத்தி சிரிக்கவும் அழவும் முடியுமென்றால், அவளுக்கு வேறு வேலை கொடுக்கவேண்டும். தம்பி கொடுத்திருக்கிறான். போர்டின் மூக்கில் சின்ன வெடிப்பு. ரெசின் வாங்கி வைத்திருக்கிறான், உட்கார்ந்துகொண்டே பூசலாமாம்.

எங்கே இடித்தது என்று கேட்டேன். பேபி பொயின்டில் ஆள் மீது ஆள் விழுந்ததாம்.

ஜூலை 13

அம்மா பஸ்ஸில். புத்தளைக்கு இங்கால் வந்துவிட்டாராம், மொனராகலையில் மாறவேண்டும். அப்பா இப்போதே சந்திக்குப் போய்விட்டார், இன்னும் மூன்று மணித்தியாலம் கிடக்கிறது.

வால் பிரிந்துவிட்டது. இரண்டு மாதிரியும் ஒத்துக்கொள்கின்றன. 18ஆம் திகதி இரவு 16 வினாடி, 172 பாகை, உயரம் 1.1, 19ஆம் திகதி விடிய 1.4. காற்றுத்தான் இன்னும் தீர்மானமாகவில்லை. மேற்கு என்று ஒன்று போடுகிறது, மற்றது தெற்கு. தெற்கென்றால் விடிய ஏழு மணிக்கே குழம்பிவிடும், அதற்கு முன்னால் ஒன்றரை மணித்தியாலம் கிடைக்கும். ஐந்தரைக்கு வெளிச்சம் வந்துவிடும். 19ஆம் திகதி கிளினிக் எட்டு மணிக்கு